வைக்கல் இருக்கு, மாட்டுட வயித்துக்குத்தான் போகல்ல: வாசகர் கேள்வி பதில்

பெரும்போக வெட்டு முடிஞ்சு வட்டையெல்லாம் (வயல்வெளி) வெறிச்சுக் கிடக்கிற நேரம் எண்டதால இந்த மாசம் வந்த கடிதத்திலயும் வட்சப்பிலயும் முக்காவாசி வைக்கலப் பத்தினதுதான். வைக்கல் எங்க எடுக்கலாம் என்ன விலை எண்டு கேட்டவங்க குறைவு. கொண்டு வந்து போட்டத மாடு திங்குதில்ல, மிதிச்சு நாசமாக்குது எண்டுதான் கனபேர் எழுதியிருக்கிறீங்க. எனக்கு அது சந்தோசம், ஏனெண்டா எங்கட பக்கம் வைக்கலுக்குக் குறைவில்ல, அதப் போடுற விதத்திலதான் குறை இருக்கு எண்டு நானும் கன காலமாச் சொல்லிக்கொண்டு வாறன்.

கேள்வி: ஐயா, எனக்கு சின்னதும் பெரிசுமா 22 மாடு இருக்கு, எல்லாம் நாட்டு மாடு. பகல்ல வட்டையில மேயும், பின்னேரம் பட்டிக்கு வந்ததும் லேண்ட்மாஸ்டர் பெட்டியில வைக்கலக் கொண்டுபோய் மேட்டில ஒரே கும்பியாக் கொட்டுவன், ரெண்டு மூணு நாளைக்குக் காணும் எண்டு. விடிய பாத்தா பாதி சாணியோட கிடக்கு. கொம்பு பெருத்த ரெண்டு மாடுதான் நல்லா இருக்கு, மத்ததுக்கெல்லாம் விலா எலும்பு தெரியுது. வைக்கல் காணாதா, நான் போடுற விதம் பிழையா? — கொக்கட்டிச்சோலை வாசகர்

பதில்: தம்பி, வைக்கல் காணும், போடுற விதம்தான் சரியில்ல. முதல்ல கணக்கப் பாருங்க. நாட்டு மாடு ஒண்டு 200 கிலோ வரும் எண்டு வைங்க, ஒரு நாளைக்கு அது திங்கிற காய்ஞ்ச தீன் உடம்பு நிறையில நூத்துக்கு 2 பங்கு, அதாவது 4 கிலோ. வட்டையில கொஞ்சம் மேஞ்சிட்டு வந்தா வைக்கல் 2, 3 கிலோ போதும். உங்கட 22 மாட்டுக்கும் கண்டுகளையும் சேத்து நாளொண்டுக்கு 60 கிலோ போல, ஆடி ஆவணியில புல்லு கருகின மறுகா 80 கிலோ. அதில மூணில ஒரு பங்கு காலடியில போனா 20 கிலோவுக்கு மேல தினமும் சாணிக்குள்ள போகுது. வெளிநாட்டில ஆராய்ச்சி செஞ்சவங்க சும்மா நிலத்தில குவிச்சுப் போட்டா 25 தொடக்கம் 45 வீதம் வரைக்கும் வீணாப் போகும் எண்டு சொல்லுறாங்க, எங்கட பட்டிகள்ள அதவிடக் குறைவு எண்டு எனக்குத் தோணல்ல.

இண்டைக்குப் பின்னேரம் வைக்கலக் கொட்டிப்போட்டு ஒரு அரை மணித்தியாலம் பக்கத்தில நிண்டு பாருங்க. மாடு கும்பிக்குள்ள தலைய விட்டு ஒரு வாய் இழுக்கும், இழுத்ததும் தலையத் தூக்கி ஒரு அடி பின்னால வந்து நிண்டு மெல்லும், மெல்லக்குள்ள வாயால பாதி கீழ விழும், அதுக்கு மேல அடுத்த மாடு கால வைக்கும். கொம்புள்ளது குத்த வந்தா இளைச்சது வாயில இருக்கிறதயும் போட்டுட்டு ஓடும். கும்பி கொஞ்சம் தட்டையானதும் ரெண்டு மாடு அதுக்கு மேலயே படுக்கும். ஒருக்கா சாணி மூத்திரம் பட்டுட்டா எவ்வளவு பசியா இருந்தாலும் மாடு அதத் தொடாது, மூக்க வச்சிட்டுத் திரும்பிப் போயிரும். இத ஒருக்கா பாத்தீங்க எண்டா என்ன செய்யணும் எண்டது உங்களுக்கே விளங்கும்.

செலவில்லாத வழி எண்டா கும்பியா போடாம நீளத்துக்கு வரிசையாப் போடுறது. வண்டிய மெல்ல ஓட்டிக்கொண்டு போக பின்னால ஒரு ஆள் நிண்டு சின்னச் சின்னப் பிடியாத் தள்ளிக்கொண்டு போகணும், ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் இடையில ரெண்டு மூணு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்) விட்டு, மாட்டுட எண்ணிக்கையவிட நாலஞ்சு பிடி கூடவே போடுங்க. அப்ப கொம்புக்காரி ஒரு இடத்தில விரட்டினாலும் விரட்டுப்பட்டதுக்கு வேற இடம் இருக்கும். உங்கட மெலிஞ்ச மாடுகளுக்கு இதுதான் மருந்து, விற்றமின் ஊசியெல்லாம் மறுகா பாப்பம். முக்கியம் என்னெண்டா அண்டண்டைக்குத் திங்கிறத மட்டும் அண்டண்டைக்குப் போடணும், ரெண்டு நாளைக்கெண்டு ஒண்டாக் கொட்டக்கூடாது, ரெண்டாம் நாளுக்கு எண்டு நீங்க நினைக்கிறது முதல் நாள் ராவே மாட்டுட மெத்தை. மத்தது நேத்துப் போட்ட வரிசையில இண்டைக்குப் போடாதீங்க, பத்து எட்டு தள்ளிப் போடுங்க, ஒரு மாசம் இப்பிடிச் செஞ்சா மேச்சல் தரை முழுக்க சாணியும் வைக்கல் மிச்சமும் பரவி இருக்கும், அடுத்த மழைக்கு அந்த இடம் எப்பிடிப் பச்சை பிடிக்குது எண்டு பாருங்க. எங்கட அப்பாமார் எருவுக்கெண்டு பட்டிய வயலுக்கு வயல் மாத்திக் கட்டினவங்கதானே, அதே வேலைதான் இது. கனடா பக்கம் பெரிய பண்ணைக்காரர் பனிக்காலம் வர முதலே காய்ஞ்ச புல்லுக் கட்டுகள மேச்சல் தரையில இடம் இடமா வச்சிட்டு மின்சாரக் கம்பிய நகத்தி நகத்தி நாலு நாளைக்குள்ளத மட்டும் திறந்து விடுவாங்க, அவங்களும் எரு பரவணும் எண்டுதான் அப்பிடிச் செய்யிறது.

கொஞ்சம் கம்பும் ஆணியும் இருந்தா வட்டக் கூடு ஒண்டு அடிக்கலாம். 8 அடி அகலத்தில வட்டமா கம்பு நட்டு, கீழ முழங்கால் உயரத்துக்கு பலகையோ தகரமோ வச்சு அடைச்சிட்டு, அதுக்கு மேல கம்புகளச் சரிவா அடிக்கணும், நேரா அடிச்சா மாடு தலைய வெடுக்கெண்டு இழுத்து எடுக்கும், சரிவா இருந்தா தலையச் சரிச்சுத்தான் எடுக்கணும் எண்டதால உள்ளுக்கே நிண்டு மெல்லும், விழுறது கூட்டுக்குள்ளயே விழும். 2003ல அமெரிக்காவில மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில நாலு மாதிரிக் கூட்ட வச்சு அளந்து பாத்தாங்க. நடுவில கூம்பு வச்ச வட்டக் கூட்டில 3.5 வீதம்தான் வீண், சும்மா வட்டக் கூட்டில 6.1, டிரெய்லர் மாதிரி வண்டியில 11.4, தொட்டில் மாதிரித் தூக்கி வச்சதில 14.6. மாடு மேயிறதே தலையக் குனிஞ்சுதான், அந்த மாதிரிக் குனிஞ்சு திங்க விட்டா அமைதியாத் திங்கும், உயரத்தில வச்சா இழுத்துக் கொட்டும். அதனால ஆரும் உங்களுக்கு மாட்டுட கண் உயரத்துக்குத் தட்டி அடிச்சுத் தாறன் எண்டு வந்தா வேணாம் எண்டு சொல்லுங்க. ஒரு மாட்டுக்கு 2 அடி இடம் வேணும், 8 அடி வட்டத்தச் சுத்தி 25 அடி வரும், 12 மாடு நிக்கலாம். உங்களுக்கு ரெண்டு கூடு. நடாம, தூக்கி வைக்கிற மாதிரி அடிச்சீங்க எண்டா கிழமைக்கு ஒருக்கா இடம் மாத்தலாம், ஒரே இடத்தில வச்சா அந்த இடம் உழக்கிச் சேறாகி குளம்பு அழுகல்தான் வரும்.

கேள்வி: எருமைக்கும் இதே கூடு சரிவருமா? — வாகரை வாசகர்

பதில்: சரிவராது, கொம்பு மாட்டிக்கொண்டு கழுத்து முறியும். எருமைக்குச் சரிவுக் கம்பு இல்லாம, கீழ அடைப்பும் மேல குறுக்க ஒரு தடியும் மட்டும் வச்ச நீளத் தொட்டி செய்யுங்க. இல்லாட்டி வரிசையாப் போடுறதே நல்லம்.

கேள்வி: சேர், நாங்க இப்ப மெஷினால உருட்டிக் கட்டின வைக்கல் கட்டுத்தான் வாங்கிற. வேலை லேசு, ஏத்தி இறக்கவும் சுகம். போன மாசம் ஒரு பசு திங்காம வயிறு ஊதிச் செத்துப்போச்சு, அறுத்துப் பாத்தா வயித்துக்குள்ள பந்து மாதிரி நைலோன் கயிறு. கட்டுல இருந்து வந்ததா இருக்குமா? — அக்கரைப்பற்று வாசகர்

பதில்: அதேதான் காக்கா, மனசு கஷ்டமா இருக்கு. கட்டுச் சுத்தின நைலோன் கயிறும் வலையும் மாட்டுட வயித்தில செரிக்காது, வெளியாலயும் போகாது, முதல் வயித்திலயே கிடந்து ஒண்டோடொண்டு சுத்தி வருசக்கணக்காப் பெருக்கும். ஒரு நாள் வழிய அடைச்சதும் சரி. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில பிளாஸ்டிக்கத் திண்டு யானை சாகுது எண்டு பேப்பரில படிச்சிருப்பீங்க, யானையே தாங்காதத மாடு எப்பிடித் தாங்கும். கயித்த அறுத்துக் கட்ட உருட்டிவிட்டு மறுகா பொறுக்குவம் எண்டு நினைக்கிறதுதான் பிழை, வைக்கலுக்குள்ள போன கயித்த ஆரும் பொறுக்க மாட்டாங்க. கட்ட நிமித்தி வச்சு ஒரே இடத்தில அறுத்து, கயித்த முழுசா இழுத்து எடுத்து இடுப்பில ஒரு பையில போட்டிட்டுத்தான் கட்ட விரிக்கணும். கட்டுக்கு எத்தினை சுத்து எண்டு தெரியும்தானே, பையில அத்தினை கயிறு இருக்கா எண்டு எண்ணுங்க. வேலைக்காரப் பொடியனுக்கும் இத ஒருக்கா செஞ்சு காட்டுங்க.

கட்டா வாங்கிறதில ஒரு நன்மை, உருட்டி விட்டா வரிசை தானா விழும், நான் மேல சொன்ன மாதிரிப் பிடி பிடியாப் போடத் தேவையில்ல. சரிவான இடத்தில உருட்டாதீங்க, மாடு மேல போய் விழும். வாங்கக்குள்ள ஒரு கட்ட நடுவில பிரிச்சு மணந்து பாருங்க, பூஞ்சண மணம் இருந்தா அந்த லோட்ட எடுக்காதீங்க, பூஞ்சணம் பிடிச்ச வைக்கலால கறவைக்குப் பால் குறையும், சினை மாடு கண்டு வீசவும் கூடும். வேற வட்டையில இருந்து வாற வைக்கலோட களைநெல் விதையும் வரும், அதனால உங்கட வயலுக்குள்ள போட்டுத் தீத்தாதீங்க, தரிசு மேட்டில போடுங்க.

கேள்வி: ஐயா, வீட்டில ரெண்டு ஜேர்சிக் கலப்புப் பசு நிக்குது. அவர் கூலி வேலைக்குப் போறதால நான்தான் பாக்கிற. பகல்ல குளத்துக் கரையில கட்டி மேய விட்டுட்டு ராவைக்கு வைக்கல் போடுவன். வயிறு நிறையுது, பால் மட்டும் இறங்கிக்கொண்டு வருது. யூரியா போட்டு வைக்கல் குடுக்கலாம் எண்டு சொல்லுறாங்க, பயமா இருக்கு. — வெல்லாவெளி வாசகி

பதில்: மகள், பயப்படுறது சரிதான், பயந்து செஞ்சா பிழை வராது. வைக்கல்ல புரதம் நூத்துக்கு 4 பங்கு போலதான் இருக்கு, அதுக்கு மேல சிலிக்கா கூட, செரிக்கிறதும் பாதிக்குக் குறைவு. வயிறு நிறைஞ்சிருக்கும், மாடு பட்டினியா இருக்கும். கலப்புப் பசுவுக்கு வெறும் வைக்கலால பால் வராது.

யூரியா முறை இதுதான். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணி. உங்களுக்கு ரெண்டு மாடுதானே, 25 கிலோ வைக்கலுக்கு 1 கிலோ யூரியா, 25 லீற்றர் தண்ணி எண்டு செஞ்சு பாருங்க. யூரியாவத் தராசில நிறுக்கணும், சிரட்டையால கோலக்கூடாது. தண்ணியில நல்லாக் கரைச்சு, கீழ பொலித்தீன் விரிச்சு, வைக்கல ஒரு சாண் தட்டாப் போட்டு பூவாளியால தெளிச்சு, காலால மிதிச்சு இறுக்கி, அதுக்கு மேல அடுத்த தட்டு. கடைசியாப் பொலித்தீனால மூடி காத்துப் போகாம ஓரத்துக்கு மண் போட்டுக் குறைஞ்சது ரெண்டு கிழமை, ஏலுமெண்டா மூணு கிழமை விடுங்க. திறக்கக்குள்ள வைக்கல் கடும் மஞ்சளா மெதுவா இருக்கும், அமோனியா மணம் மூக்க அடிக்கும். ராவைக்குப் போடுறத மத்தியானமே எடுத்து நிழல்ல பரப்பி மணம் போக விட்டிட்டுத்தான் போடணும். முதல் கிழமை பழைய வைக்கலோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பழக்குங்க. இப்பிடிச் செஞ்சா புரதம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், மாடும் கூடத் திங்கும்.

செய்யக்கூடாதது: 6 மாசத்துக்கு உள்பட்ட கண்டுக்குக் குடுக்கக்கூடாது. கரைச்ச யூரியாத் தண்ணி வாளியில மிஞ்சினா மாடு எட்டாத இடத்தில ஊத்துங்க, தாகத்தில குடிச்சா அந்த இடத்திலயே விழும். பட்டினி கிடந்த மாட்டுக்கு ஒரேயடியாப் போடாதீங்க. மாடு நடுங்கினா, நுரை தள்ளினா, வயிறு ஊதினா உடனே மிருக வைத்தியருக்கு கோல் எடுங்க, வீட்டில வினாகிரிப் போத்தல் வச்சிருந்தா அவர் சொல்லுற அளவில குளிர் தண்ணியோட குடுக்கலாம்.

இதெல்லாம் கரைச்சல் எண்டு நினைச்சா யூரியாவே வேணாம், வேலிக் கிளிசிரிடியா இலைய வெட்டி ஒரு பகல் வாட விட்டு வைக்கலோட கலந்து போடுங்க, வாடினா அந்த மணம் குறைஞ்சு மாடு தின்னும். இப்பில் இப்பில் இலையும் நல்லம், ஆனா மொத்தத் தீனில மூணில ஒரு பங்குக்கு மேல போகவேணாம், மயிர் கொட்டும். தவிடும் புண்ணாக்கும் கறக்கிற நேரம் கொஞ்சம் வைங்க. வைக்கல் திங்கிற கறவைக்கு தண்ணி கனக்க வேணும், நாளைக்கு 40, 50 லீற்றர் குடிக்கும், கோடையில ஆத்து வாய் பக்கம் தண்ணி உப்பாகிரும் எண்டதால ராவைக்கு வீட்டுக் கிணத்துத் தண்ணியப் பக்கத்திலயே வச்சு விடுங்க. உங்கட கடிதத்தில தண்ணியப் பத்தி ஒண்டும் இல்ல, பால் இறங்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கேள்வி: அண்ணன், கினிப்புல்லு எங்கட தென்னங்காணி முழுக்க மாரியில ஆள் உயரத்துக்கு வளருது, வெயிலுக்குக் காய்ஞ்சு வீணாப் போகுது. அத வெட்டிக் காயவச்சு வைக்கலாமா? — தம்பிலுவில் வாசகர்

பதில்: வைக்கலாம் தம்பி, வைக்கலவிட எவ்வளவோ மேல். ஆனா ஆள் உயரத்துக்கு விட்டிட்டு வெட்டினா அதுவும் வைக்கல் மாதிரித்தான், தண்டு தடிச்சிரும். பூ எட்டிப் பாக்கிற நேரம் வெட்டணும், மாரி விட்டு வெயில் பிடிக்கிற மாசி பங்குனி எங்கட பக்கம் தோது. பனி காய்ஞ்ச மறுகா வெட்டி, மெல்லிசாப் பரப்பி, நாளைக்கு ரெண்டு தரம் புரட்டி விடுங்க, பின்னேரம் கூட்டிக் குவிச்சு வச்சு விடிய திரும்பப் பரப்புங்க. ரெண்டு மூணு நாள் வெயில் காணும். பச்சை நிறம் இருக்கணும், வெளுத்துப் போனா இலையில உள்ள சத்தும் போயிரும்.

காய்ஞ்சுதா எண்டு பாக்கிறதுக்கு ஒரு லேசான வழி: ஒரு பிடியச் சின்னன் சின்னனா வெட்டி ஈரமில்லாத ஜாம் போத்தலுக்குள்ள போட்டு, காய்ஞ்ச உப்புத்தூள் ஒரு கரண்டி போட்டு, மூடி நல்லாக் குலுக்குங்க. உப்பு உதிரியாவே இருந்தா ஈரம் 15 வீதத்துக்குக் கிட்ட, அடுக்கலாம். உப்பு கட்டிப்பட்டா இன்னும் ஒரு வெயில் வேணும். அவசரப்பட்டு ஈரத்தோட அடுக்கினா போருக்குள்ள சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், சிலது தானாத் தீயும் பிடிக்கும். அடுக்கி முதல் ரெண்டு கிழமைக்கு ஒரு நீள இரும்புக் கம்பியப் போருட நடுவுக்குச் செருகி விட்டு கொஞ்ச நேரத்தால இழுத்துத் தொட்டுப் பாருங்க, கை வச்சிருக்க ஏலாத சூடு எண்டா உடனே பிரிச்சுக் காயப் போடணும். அடியில மரக்குத்தி வச்சு நிலத்தில முட்டாம அடுக்குங்க, எலி வந்தா எலிக்காய்ச்சல் உங்களுக்கும் வரும் மாட்டுக்கும் வரும். காட்டோரம் எண்டா வைக்கல் போர வீட்டோட ஒட்டிப் போடாதீங்க, நெல்லு மணம் பட்டா யானை தேடி வரும்.

கேள்வி: எங்கட பட்டி மயிலத்தமடு மேச்சல் தரைப் பக்கம் நிக்குது. மாரியில வயல் விதைச்ச மறுகா மாட்டக் கீழ கொண்டு வர ஏலாது. 2022 மார்கழிக் குளிரில கனக்க மாடு செத்தத நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. மழைக்குள்ள வைக்கல் கொண்டு போய்க் குடுத்துப் பிரயோசனம் இருக்கா? — சித்தாண்டி வாசகர்

பதில்: இருக்கு, கட்டாயம் இருக்கு. அந்த மார்கழி வடக்கிலயும் கிழக்கிலயும் மாடு ஆடு நூத்துக்கணக்கில விறைச்சு விழுந்தத ஆரும் மறக்க ஏலாது. காத்தும் மழையும் சேந்து அடிச்சது, அதோட கன மாடு வயித்தில ஒண்டும் இல்லாம நிண்டது. நார்த்தீன் மாட்டுட முதல் வயித்தில புளிச்சுச் செரிக்கக்குள்ள சூடு வரும், அந்தச் சூடுதான் குளிர் ராவில மாட்டக் காப்பாத்துறது. ஈரப் புல்லு மட்டும் திண்ட மாட்டுக்கு அது காணாது. அதனால மழை ராவுகள்ள பின்னேரம் ஆளுக்கு 2 கிலோ வைக்கல் எண்டாலும் போகணும், முதல் மழைக்குத் தளிர்ப் புல்லத் திண்டு கழியிற மாட்டுக்கும் விடிய மேய விட முதல் கொஞ்சம் காய்ஞ்ச வைக்கல் குடுத்தா வயிறு கட்டும்.

மாரி பிடிச்ச மறுகா பாதை சேறாகி லேண்ட்மாஸ்டர் போகாது, அதனால புரட்டாதிக்குள்ளயே கொண்டு போய் உயரமான மேட்டில பரணடிச்சு படங்கு போட்டு மூடி வைங்க. போடக்குள்ள காத்துக்கு மறைவா மரக்கூட்டத்துக்கு இந்தப் பக்கம் போடுங்க, மாடு அந்த மறைவிலயே நிக்கும். கண்டையும் கெழட்டு மாட்டையும் வேற கட்டிப் போடணும். மழைக்குள்ள வரிசையாப் போட்டா நனைஞ்சு போகும், இந்தக் காலத்துக்கு மேல கூரை வச்ச வட்டக் கூடுதான் சரி, நாலு கம்பும் ஒரு படங்கும் போதும்.

மயிலத்தமடு மேச்சல் தரைய விட்டுத் தாங்க எண்டு 2023 செப்டம்பரில சித்தாண்டியில பண்ணையாளர் போராட்டத்துக்குக் குந்தினத எல்லாரும் கண்டம். அந்தத் தரை சுருங்கிக்கொண்டு போனா நான் சொல்லுற வைக்கல் எல்லாம் சேத்தும் அத ஈடுகட்டாது, இத நான் எழுதாம விட ஏலாது.

கேள்வி: ராவையில கண்டு போடுற மாட்ட நரி விடுதில்ல. பகல்ல கண்டு போட வைக்க ஏதும் வழி இருக்கா? — பொத்துவில் வாசகர்

பதில்: முழுசா இல்ல, ஆனா பெரும்பாலும் ஏலும். கனடாவில மனிடோபா பக்கம் கொனெஃபல் எண்டு ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் சினை மாட்டுக்கு மத்தியானத்துக்குக் கிட்டயும் ராவு 10 மணிக்குக் கிட்டயும் தீன் போட்டு, கண்டு போடுறது கூடுதலாப் பகலுக்கு மாறினதக் காட்டினவர், அவர்ட பேரிலதான் இப்பவும் அந்த முறையச் சொல்லுற. நீங்க கண்டு போட ஒரு மாசம் இருக்கக்குள்ளயே தொடங்குங்க. சினை மாட்டப் பிரிச்சு, வைக்கல விடிய போடாம பொழுது சாயக்குள்ள போடுங்க, ஏலுமெண்டா படுக்கப் போக முதல் இன்னொருக்கா. ஒரே நேரத்தில தினமும் போடணும், ஒரு நாள் வெள்ளென ஒரு நாள் பிந்தி எண்டு மாறினா பலன் இல்ல. கண்டு போடுற மாட்ட வாடிக்குக் கிட்டக் கட்டுங்க.